காருக்குப் போட்ட கொட்டகை

என் அப்பாவால் காரில் போக முடியாது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதுமே அவர் முகம் வெளிறத் தொடங்கிவிடும். பெட்ரோல் வாசனைதான் காரணம் என்பார். எனக்கு அந்த வாசனை தெரிந்ததே இல்லை. மடியில் ஒரு துண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழம். பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்துக்கொண்டு, யாரோ ஊசி போடப்போவதுபோல் கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் வடுவூர் ஏரி வருவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார்.

எனக்குத் தொழிலே கார் ஓட்டுவது. பதினான்கு வருஷப் பழைய வெள்ளைக் கார், பெட்ரோல் வண்டி, மன்னார்குடி ஸ்டாண்டில் நிற்கும். கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், சுவாமிமலைக்குச் சாமி சிலை வாங்கப் போகிறவர்கள், தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று பேர் தெரியாத எத்தனையோ பேர் அதில் தூங்கியிருக்கிறார்கள். சொந்த அப்பா மட்டும் ஒரு தடவைகூடத் தூங்கியதில்லை. ஸ்டாண்டில் சவாரிக்காகக் காத்திருக்கும் மதியங்களில் எனக்கு ஒரு கனவு உண்டு. மழை பெய்துகொண்டிருக்கும். அப்பா பின்சீட்டில் தூங்குவார். அவர் விழித்துவிடாதபடி மெதுவாகக் கடல் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போவேன். கடலுக்குப் போய் என்ன செய்வேன் என்பது கனவில் இல்லை.

அந்தக் கனவு பலித்தது, என் காரில் அல்ல, அக்கா காரில்.

அக்கா அம்சவல்லி தஞ்சாவூரில் அரசு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள். அம்மா இறந்த பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் விடியற்காலையில் சோறாக்கி வைத்துவிட்டு, முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். போன சித்திரையில் ஒரு மின்சாரக் கார் வாங்கினாள். கார் ஓட்டுகிற தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ பெட்ரோல் கார்தான் சொல்லியிருப்பே என்றாள்.

சொல்லியிருப்பேன்தான். நான் அதற்குக் கிரைண்டர் என்று பேர் வைத்தேன். சாவி திருகினால் சத்தம் கிடையாது. கிளம்பினால் தூரத்தில் யாரோ மாவாட்டுவதுபோல் ஒரு முனகல். அப்பா அதை ஊமைக் காளை என்றார். சாப்பிடும்போதெல்லாம் எனக்கும் அக்காவுக்கும் இதே பேச்சு. பெட்ரோல் தீர்ந்தால் பாட்டிலில் வாங்கி ஊற்றலாம், கரண்டு தீர்ந்தால் எந்தக் கடையில் பாட்டிலில் தருவான் என்று கேட்பேன். தினமும் போன வழியே திரும்பி வருகிறவளுக்கு எந்நேரமும் எந்த ஊருக்கும் போகிற வண்டி எதற்கு என்பாள் அவள். உன் வண்டி ரயில்வே கேட்டில் சும்மா நிற்கும்போதுகூடக் குடிக்கிறது, என் வண்டி நின்றால் குடிக்காது என்பாள். கஜா புயலில் பதினைந்து நாளுக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, மறுபடி ஒன்று வந்தால் என்ன பண்ணுவே என்று ஒருநாள் மடக்கினேன்.

"அப்ப உன் வண்டியில வரேன். சீட்டு உறைய மட்டும் துவைச்சு வை" என்றாள்.

அப்பா சிரித்தார். அவர் பெரும்பாலும் அவள் பக்கம்தான் சிரிப்பார்.

வண்டி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அப்பாவைத் தஞ்சாவூர் வரை கூட்டிப் போனாள். அவர் வழக்கம்போல் துண்டும் பழமுமாக ஏறியிருக்கிறார். வடுவூர் தாண்டும்போது பேச்சுச் சத்தம் இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கிறார். அக்கா ஓரமாக நிறுத்திப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஸ்டாண்டில் அரசமரத்துக்கடியில் நின்று அதைப் பார்த்தேன். அப்பாவின் கை மலர்ந்து கிடந்தது. எலுமிச்சம்பழம் கீறப்படாமலே உருண்டு சீட்டின் ஓரத்தில் இருந்தது. நான் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை ஒன்று அனுப்பினேன். அன்றைக்கு வந்த ஒரு சவாரியை உடம்பு சரியில்லை என்று அப்துல் ஜலீலிடம் தள்ளிவிட்டேன். ஜலீல் பக்கத்து வண்டிக்காரன், என் கூட்டாளி. என்னடா ஆச்சு என்று கேட்டான். போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

அந்தக் காருக்கு ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. எங்கள் வீடு காலனித் தெருவில் கடைசி. மின்கம்பி அதோடு முடிகிறது. சாயந்திரமானால் எல்லா வீட்டிலும் டிவியும் மோட்டாரும் ஓட, எங்கள் வீட்டு டியூப்லைட் எரிவதா வேண்டாமா என்று யோசிக்கும். காரைச் சொருகினால் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். புது டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு கொடுத்து இரண்டு வருஷம். தஞ்சாவூரில் ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜ் போடும் இடம் இருந்தது. அங்கே முன்னால் நிற்கிற வண்டிகள் போக அக்காவின் முறை வர ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒருநாள் அவள் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் கிளம்பிவிட, ஊருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டாள். நான் கயிற்றோடு போனேன். கட்டி இழுத்து வரும் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். தெருவே வெளியில் வந்து பார்த்துச் சிரித்தது. அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் காலை வயலில் பம்பு செட்டுக்குப் பக்கத்தில் கொட்டகைக்கு மூங்கில் நட ஆரம்பித்தார்.

எங்களுக்கு எட்டு மா நிலம், ஏக்கரில் சொன்னால் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். எங்களுக்கு என்பது பேச்சுக்கு. நிலம் மடத்துடையது, நாங்கள் குத்தகை. தாத்தா பண்ணையாளாக இருந்தவர். எழுபதுகளில் சிவப்புக் கொடி பிடித்தவர்கள் இந்த வயல்களில் இறங்கி ஏர் பூட்டியபோது அவரும் இறங்கினார். அடியும் சிறையும் போக மிஞ்சியது இந்த எட்டு மா. பத்திரம் கிடையாது. நெல் அளந்ததற்குத் துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். அதில் சில வருஷம் தாத்தா பேர் இருக்கும், சில வருஷம் வெறும் 'ரொக்கம்' என்று இருக்கும். ஆட்சி மாறும்போதெல்லாம் குத்தகைக்காரர்களுக்குப் பாதுகாப்பு என்று மேடையில் பேசினார்கள். கறுப்புச் சிவப்பு கட்டிய மேடையிலும் பேசினார்கள், நடுவில் வெள்ளை சேர்த்துக் கட்டிய மேடையிலும் பேசினார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்து வழக்கம்போல் வரப்பு வெட்டினார்.

அவரிடம் இருந்த ஒரே காகிதம் பம்பு செட்டின் மின் இணைப்பு அட்டைதான். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் என்று வந்த பிறகு எழுதிப்போட்டு, ஏழு வருஷம் காத்திருந்து வாங்கினது. அப்போது மடத்தில் இருந்த பழைய காரியஸ்தர் நல்ல மனுஷர், சம்மதக் கடிதம் கொடுத்தார். அட்டையில் சர்வே நம்பரும் அதற்கு நேரே வீரையன் என்று அப்பாவின் பேரும் இருந்தன. அந்த விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்கக்கூடாது என்பதற்காகவே அவர் அறிவொளி வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். யார் வந்து கேட்டாலும் இந்த நிலத்தை உழுகிறவன் நான்தான் என்று சொல்ல அது ஒன்றுதான் சாட்சி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

கொட்டகை நான்கு நாளில் எழுந்தது. புதுக் கீற்று, சாணி மெழுகிய தரை. மன்னார்குடியிலிருந்து எலக்ட்ரீஷியன் ஜெக்கரியாவை வரவழைத்து மோட்டார் பலகையிலிருந்து வயர் இழுத்து ஒரு கனமான பிளக் வைக்கச் சொன்னார். வயக்காட்டில் பகலில் மும்முனைக் கரண்டு ஆறு மாதிரி வரும். அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அது விவசாயக் கரண்டு, வேறு எதற்கும் எடுக்கக்கூடாது, தப்பு என்று சொன்னாள். அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. அவருக்குக் கரண்டும் வாய்க்கால் தண்ணீரும் ஒன்று. நம் வயலுக்கு வருகிற தண்ணீரை வழியில் போகிற மாடு குடித்தால் யாராவது கேஸ் போடுவார்களா என்றார்.

"கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு வரணுமா பாப்பா நீ? வாரத்துல ஒரு நாள்தானே. நிறுத்து" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஹாரன் அடித்ததை நினைத்திருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காரைக் கொட்டகையில் நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அப்பாவுக்குத் திருவிழா. காலையிலேயே போய்க் கொட்டகையைக் கூட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, கார் வருவதற்காகக் காத்திருப்பார். சொருகிய பிறகு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வார். கார் எங்கேயும் போகாது. அவர் உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகப் பயிரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடிக் கடைசி ஞாயிறு அன்று நான் அங்கே போனேன். ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். குறுவைக்குப் பம்பு செட்தான் துணை. ஒரு பக்கம் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டியது. இன்னொரு பக்கம் கொட்டகையில் அக்காவின் கார் சத்தமில்லாமல் நின்றது. அப்பா அதன் மேல் கையை வைத்து, மாட்டைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருந்தார். அந்தத் தடவல் எனக்கு எரிச்சலாக இருந்தது. என் கார் மேல் அவர் கை வைத்துப் பார்த்ததில்லை. போனை எடுத்து வீடியோ பிடித்தேன்.

"பாருங்க மக்களே, இதுதான் எங்கக்கா காரு. அந்தப் பக்கம் நெல்லு தண்ணி குடிக்குது, இந்தப் பக்கம் இது கரண்டு குடிக்குது. ரெண்டும் ஓசி. பெட்ரோல் போடுற நாமதான் இளிச்சவாயனுங்க" என்றேன்.

அப்பா போனைப் பார்த்துச் சிரித்தார். "குடிக்கட்டும்டா, நம்ம மோட்டாருதானே" என்றார்.

இருபத்தெட்டு விநாடி. ஸ்டாண்டுக்காரர்களின் குழுவில் போட்டேன். சாயந்திரத்துக்குள் அது ஜலீலின் தம்பிக்குப் போய், அங்கிருந்து நீடாமங்கலம் போய், திருத்துறைப்பூண்டியில் ஒரு டீக்கடையில் என்னைப் பார்த்து, ஓசிக் கரண்டு தம்பியா நீ என்று ஒருவர் கேட்கிற அளவுக்குப் பரவியது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் மின்வாரிய ஜீப் வந்தது. இரண்டு பேர். கார் அங்கே இல்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தாள். கொட்டகை இருந்தது, பிளக் இருந்தது, தரையில் டயர் தடம் இருந்தது. போனில் வீடியோவைப் போட்டுக் காட்டி இது உங்கள் குரல்தானே என்று அப்பாவிடம் கேட்டார்கள். ஆமாங்க என்றார். ஏன் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, வண்டி பாதியில் நின்றுவிட்டது என்று சொன்னார். அவர்கள் மோசமானவர்கள் இல்லை. அதில் வயதானவர் வயலைப் பார்த்துவிட்டு, பூட்டையில் இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். கதிர் இன்னும் தாளுக்குள்ளேயே பொதிந்திருக்கிற பருவம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் பதராய்ப் போகும். ஆனாலும் அவர் பியூசைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, பெட்டிக்கு அரக்கு வைத்தார். விவசாயம் அல்லாத பயன்பாடு என்று எழுதிய காகிதத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார். அட்டையையும் வாங்கிக்கொண்டார். அபராதம் கட்டிவிட்டால் இணைப்பைத் திரும்பத் தரலாம், ஆனால் நிலத்துச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம் புதிதாக வேண்டும் என்றார்.

ஜீப் போன பிறகு தொட்டியில் தேங்கியிருந்த தண்ணீர் கொஞ்ச நேரம் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்மதக் கடிதத்துக்கு நாங்கள் போகவே வேண்டியிருக்கவில்லை. மறுநாளே மடத்துக் காரியஸ்தர் கண்ணுசாமி வந்தார். வயலில் இறங்கவில்லை. தார்ச்சாலையில் குடையோடு நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். அவருக்கு அப்பாவைவிடப் பத்து வயது குறைவு. அப்பாதான் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன வீரையா, உன் படம் நல்லா ஓடுதே. என் மருமவன் காட்டினான்" என்றார் கண்ணுசாமி.

அப்பா கையிலிருந்த துண்டை இரண்டாக மடித்தார்.

கண்ணுசாமி நிதானமாகத்தான் பேசினார். எட்டு மாவும் போக வேண்டும் என்று மடம் சொல்லவில்லை. சாலையோரத்து இரண்டு மா மட்டும் போதும், பம்பு செட்டும் கொட்டகையும் இருக்கிற இடம். பெட்ரோல் பங்க் வைக்க ஆள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற ஆறு மாவை நீங்களே உழுதுகொள்ளலாம். விட்டுக்கொடுத்ததாக ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நான் குறுக்கிட்டு, வருவாய் கோர்ட்டுக்குப் போவோம் என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"போகலாம் வீரையா. அப்ப இந்த வீடியோவும் கோர்ட்டுக்கு வரும். கார் நம்பர் பளிச்சுன்னு தெரியுது. கார் யார் பேர்ல இருக்கு? கவர்மெண்டு உத்தியோகம். கரண்டு திருட்டுல பேர் வந்தா வேலை என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?"

அப்பா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பிளக்க வச்சது நான்தாங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.

"அத நான் நம்புவேன். கோர்ட்டு நம்பணுமே" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் யோசி என்று கிளம்பினார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா ஒன்றுதான் சொன்னார். "பாப்பாகிட்ட கடைசியா சொன்னது மட்டும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அது நான் செய்த அடுத்த தப்பு. அக்காவிடம் இரண்டு மா கேட்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னோம். அவள் கொதித்துப் போனாள். விவசாய சங்கத்துக்காரர்களிடம் பேசினாள். தஞ்சாவூரில் வக்கீலைப் பார்த்தாள். மூன்று இரவு உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள். கார் என்னுடையது, விதி தெரிந்தும் நிறுத்தியது நான், அப்பாவுக்குச் சட்டம் தெரியாது, என் தவறுக்காகக் குத்தகை நிலத்தைப் பிடுங்கக்கூடாது என்று இருந்தது. திங்கட்கிழமை கோர்ட்டில் கொடுப்பதாக ஏற்பாடு. அதை எங்களுக்குப் படித்துக் காட்டியபோது அவள் குரல் கணீரென்று இருந்தது. அப்பா கேட்டுவிட்டு, எழுத்து நல்லா இருக்கு பாப்பா என்றார்.

இதற்கிடையில் பயிருக்கு வாடகை ஆயில் இன்ஜின் வைத்தோம். அது கறுப்புப் புகை கக்கிக்கொண்டு காது அடைக்கக் கத்தியது. அப்பாவால் அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு நாலு வரப்பு தள்ளி நின்று, எந்த மடையைத் திறப்பது என்று எனக்குக் கையைக் காட்டினார். காலிக் கொட்டகையின் கீற்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை அக்கா வேலைக்குக் கிளம்பிப் போன கால் மணி நேரத்தில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கையில் துண்டு, எலுமிச்சம்பழம்.

"வண்டிய எடுடா."

எங்கே என்று கேட்டேன். மடத்து ஆபீஸுக்கு என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வண்டியிலேயே போகலாமே, அதற்குள் அவளிடமும் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று இழுத்தேன்.

"அதுல போற எடமில்ல இது" என்றார்.

பின்சீட்டில் ஏறினார். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டேன். மெதுவாகத்தான் ஓட்டினேன். இரண்டு பக்கமும் குறுவை பச்சையாக நின்றது, ஆங்காங்கே கொக்கு. மேகம் இறங்கி வந்து மரங்களின் மேல் உட்கார்ந்திருந்தது. மழை வரும் போலவே இருந்து வராமல் போகிற நாள். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா பழத்தை மூக்கோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, முழங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். வண்டியைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஏதாவது ஒரு சந்தில் நுழைந்து, வடுவூர், தஞ்சாவூர், அதற்கும் அப்பால், பெட்ரோல் தீரும் வரை ஓட்டிக்கொண்டே போய்விடலாம். எந்த ஊருக்கும் போகிற வண்டி என்று அதைத்தானே பெருமையடித்தேன். ஆனால் மன்னார்குடியின் முதல் பெட்டிக்கடைகள் வந்துவிட்டன. நான் மடத்து ஆபீஸ் வாசலில் நிறுத்தினேன்.

உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. குமாஸ்தா மைப்பெட்டியைத் தள்ளினார். அப்பா அதைத் திருப்பித் தள்ளிவிட்டு, கையெழுத்துப் போடுவேங்க என்றார். கண்ணுசாமி பேனாவைக் கொடுத்தார். அப்பா வீ என்று எழுதி, நிறுத்தி, பேனாவை ஒரு தடவை உதறி, மீதியை எழுதினார். வேர்வைக் கையில் எலுமிச்சைச் சாறு இருந்திருக்க வேண்டும், காகிதத்தில் ஒரு ஓரம் ஈரமானது. மீதி ஆறு மாவுக்கு ஏதாவது எழுதித் தருவீர்களா என்று நான் கேட்டேன். எப்போதும்போல் நடக்கட்டுமே என்றார் கண்ணுசாமி. வீடியோ என்று அப்பா ஆரம்பித்தார். அதெல்லாம் அன்றைக்கே அழித்தாயிற்று என்று அவர் போனைக் காட்டினார். அது எத்தனை பேர் போனில் இருக்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

திரும்பும்போது பாமணி ஆற்றுப் பாலம் வரை அப்பா தாக்குப் பிடித்தார். பிறகு சீட்டின் பின்பக்கத்தைத் தட்டினார். நிறுத்தினேன். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டைக்கு அடியில் எலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டியது. கீழே ஆறு கலங்கி, பாதிதான் ஓடியது. தண்ணீர் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பினார்.

"அந்த வீடியோவ நான்தாம்ப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"நானும்தானேடா அதுல சிரிச்சேன்" என்றார்.

பிறகு வண்டியில் ஏற மாட்டேன் என்றார். மீதி நாலு கிலோமீட்டர் நடந்தே வந்தார். நான் அவருக்குப் பின்னால் முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்காவிடம் சாயந்திரம் நான்தான் சொன்னேன். கண்ணுசாமி சொன்னது, அப்பா கையெழுத்துப் போட்டது, எல்லாம். அவள் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. அழுவாள் என்று பார்த்தேன், என்னை அறைவாள் என்றும் பார்த்தேன். மனு மேஜைமேல் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

"எந்த வண்டியில போனாரு?" என்று கேட்டாள்.

என் வண்டியில் என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு கிரைண்டர் என்று நான் சொன்னதில்லை. ரயில்வே கேட்டைப் பற்றி அவளும் பேசியதில்லை.

குறுவையில் பாதிக்கு மேல் பதர். அறுவடை முடிந்து பத்து நாளில் சாலையோரத்து இரண்டு மாவில் கல் நட்டார்கள். வேலை ஆரம்பித்த அன்று பம்பு செட்டை இடித்தார்கள். கொட்டகையை நாங்களே பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா போகவில்லை. நானும் ஜலீலும் போய்ப் பிரித்தோம். கீற்று இன்னும் புதுசாகத்தான் இருந்தது.

அக்கா இப்போது தஞ்சாவூரில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறாள். அங்கே வோல்டேஜ் நன்றாக இருக்கிறதாம், வீட்டு மீட்டரில் போட்டு, மாதா மாதம் கரண்டு பில் கட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறாள். மீன் வாங்கி வருவாள், குழம்பு வைப்பாள், மாலையில் போய்விடுவாள். அப்பாவைக் கூட வந்து இருக்கச் சொல்கிறாள். ஆறு மாவை யார் பார்ப்பது என்கிறார். உள்ளே மாட்டிக்கொண்ட ஆறு மாவுக்கு மழையையும் ஆற்றையும் விட்டால் வேறு வழியில்லை. அவருக்கு அதில் சம்பா நட்டாக வேண்டும்.

நேற்றும் ஞாயிற்றுக்கிழமை. அக்கா காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்தாள். அங்கிருந்து பார்த்தால் சாலையோரம் தெரியும். பெட்ரோல் தொட்டி புதைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் இயந்திரம் ஒன்று மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டியது. மேல்மண் கறுப்பு, அடியில் போகப் போக சாம்பல் நிறம். சத்தம் தெருவெல்லாம் அதிர்ந்தது.

சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது அப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அக்காவின் காருக்குள் உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது, கண்ணாடி ஏற்றியிருந்தது, உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். இப்படியே விட்டால் சார்ஜ் இறங்கிவிடுமே, தஞ்சாவூர் வரை போக வேண்டாமா என்று கேட்டேன்.

"இறங்கட்டும்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தின் சத்தம் போகாது. அப்பா தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கத்தில் அவர் வலது கை எதையோ பிடித்திருப்பதுபோல் மூடியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை. நானும் அக்காவும் அவர் விழிக்கும் வரை இரண்டு பக்கக் கதவோரமாக நின்றுகொண்டிருந்தோம்.